மாடிஃபை செய்த கார் ரோட்டுக்கு உரியதா, ஷோவுக்கு மட்டுமா? உங்க ஆர்.சி.யே சொல்லிடும்!

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போற ரோட்டில், பெருமுக்கல் மலை கண்ணில் படும் இடத்தில் ஒரு கார் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஸ்விஃப்ட். தரையோடு தரையாக இறக்கி வைத்த பாடி, பளபளக்கும் அலாய் வீல், கறுப்புக் கண்ணாடி, முன்னால் இரும்பு கார்டு, பின்னால் டின் அளவுக்கு சைலன்சர். ஸ்டார்ட் செய்தால் மலை அடிவாரம் வரை கேட்கும். ஞாயிறு காலை ஈ.சி.ஆர். பக்கம் போனால் இந்த மாதிரி நாலு கார் பார்த்துவிடலாம்.

பார்க்க ஸ்டைல்தான். ஆனால் இது ரோட்டில் ஓட்டலாமா? செக்கிங்கில் நிறுத்தினால் என்ன ஆகும்? மோதிவிட்டால் இன்ஷூரன்ஸ் வருமா? இதெல்லாம் போக, கார் பிரியர்கள் நடுவில் ஓயாமல் நடக்கும் சண்டை ஒன்று உண்டு: எதை உண்மையான 'ஸ்ட்ரீட் கார்' என்று சொல்வது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் ஆர்.சி.யை எடுங்க

காரில் எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்று தெரிந்துகொள்ள பெரிய சட்டப் புத்தகம் எல்லாம் தேவையில்லை. வண்டியின் ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள். இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர், எரிபொருள், நிறம், சீட் எண்ணிக்கை, இன்ஜின் சி.சி., வண்டி எடை, வீல்பேஸ், பாடி வகை எல்லாம் அதில் இருக்கும்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு சொல்வது இதுதான்: ஆர்.சி.யில் இருக்கும் விவரங்கள், வண்டியைத் தயாரித்த நிறுவனம் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக்கூடாது. பெட்ரோல் காரில் டீசல் இன்ஜின் இறக்கினால் மாறுபாடு. அஞ்சு சீட் வண்டியில் பின்னால் இரண்டு சீட் சேர்த்தால் மாறுபாடு. மேல்கூரையை வெட்டி 'ஓப்பன் டாப்' ஆக்கினால் கேட்கவே வேண்டாம். வெள்ளைக் காரைக் கறுப்பாக்கினால்? நிறமும் ஆர்.சி.யில் இருக்கிறது. அதனால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விண்ணப்பித்து ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும்.

சீட் கவர், மியூசிக் சிஸ்டம், மேட், பார்க்கிங் கேமரா போன்றவை ஆர்.சி.யைத் தொடாது. பிரச்சினை இல்லை. நடுவில் ஒரு சாம்பல் நிறப் பகுதி இருக்கிறது. வீல், சஸ்பென்ஷன், சைலன்சர், லைட், இன்ஜின் மென்பொருள் எல்லாம் அதில்தான் வரும். ஆர்.சி.யில் இவை இருக்காது. ஆனால் மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989 இவற்றுக்குத் தனித்தனியாக அளவு வைத்திருக்கிறது. "ஆர்.சி.யில இல்லையே சார்" என்று செக்கிங்கில் வாதாடி ஜெயிக்க முடியாது.

2019-ல் வந்த தீர்ப்பு

இந்த விஷயத்தில் நாடு முழுவதும் பேசப்படும் தீர்ப்பு கேரளாவிலிருந்து கிளம்பியது. மாநில விதிகளைக் காட்டி, வண்டியின் அமைப்பை ஓரளவு மாற்றலாம் என்று கேரள உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. அது உச்ச நீதிமன்றம் போனது. 2019 ஜனவரி 9-ம் தேதி நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் அமர்வு அதை ஏற்கவில்லை. தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்துக்கு முரணாக வண்டியை மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டது.

இதற்குப் பின்னால் இருக்கும் காரணம் எளிது. ஒரு மாடல் விற்பனைக்கு வருவதற்கு முன் அதன் முன்மாதிரி வண்டியை அரசு அங்கீகரித்த சோதனை மையத்தில் பிரேக், லைட், சத்தம், புகை, மோதல் என்று எல்லாம் சோதித்துத்தான் அனுமதி தருகிறார்கள். பட்டறையில் வெல்டிங் வைத்து மாற்றிய வண்டி, அந்தச் சோதனைக்குப் போன வண்டி இல்லை. யாரும் அதை மோதிப் பார்த்ததில்லை. முதல் சோதனை ரோட்டில்தான் நடக்கும்.

அதே வருஷம் சட்டத்திருத்தமும் வந்தது. புதிதாகச் சேர்ந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாமல் வண்டியை மாற்றினால் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது *ஒவ்வொரு மாற்றத்துக்கும்* 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அந்த 'ஒவ்வொரு' என்ற வார்த்தையைப் பலர் கவனிப்பதில்லை. மூன்று மாற்றம் என்றால் 15,000.

கறுப்பு ஃபிலிம்: ஒட்டலாமா, கூடாதா?

அதிகம் பேர் குழம்புவது இதில்தான். விதி 100 சொல்வது: முன், பின் கண்ணாடிகள் வழியாகக் குறைந்தது 70 சதவீத வெளிச்சம் உள்ளே வரணும். பக்கவாட்டுக் கண்ணாடிகளில் 50 சதவீதம். 2012 ஏப்ரல் 27-ல் உச்ச நீதிமன்றம், எந்த சதவீதமாக இருந்தாலும் வெளியே வாங்கி ஃபிலிம் ஒட்டுவதே கூடாது என்று தடை போட்டது. ரோட்டோரத்தில் போலீஸே ஃபிலிமை உரித்த காட்சிகள் அப்போது டிவியில் ஓடியது நினைவிருக்கலாம்.

பிறகு விதி மாறியது. 2021 ஏப்ரல் 1 முதல், பிளாஸ்டிக் படலம் சேர்ந்த 'சேஃப்டி கிளேஸிங்' வகைக்கும் விதியில் இடம் கிடைத்தது. இதை வைத்து, 70-50 அளவுக்கு உட்பட்ட ஃபிலிம் ஒட்டலாம் என்று கேரள உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் சொன்னது. ஆனால் அது கேரளத் தீர்ப்பு. தமிழ்நாட்டில் செக்கிங்கில் நிற்கும்போது அதைக் காட்டினால் கேட்பார்கள், ஏற்றுக்கொண்டே ஆகணும் என்று கட்டாயம் இல்லை.

சரி, அனுமதி உண்டு என்றே வைத்துக்கொள்வோம். கணக்கைப் பாருங்கள். கம்பெனிக் கண்ணாடியே கொஞ்சம் வெளிச்சத்தைத் தடுக்கும். முன் கண்ணாடி 75 சதவீதம் விடுகிறது, அதன் மேல் 90 சதவீதம் விடும் நல்ல ஃபிலிம் ஒட்டுகிறீர்கள் என்றால், கிடைப்பது 67.5 சதவீதம்தான். 70-க்குக் கீழே போயாச்சு. பக்கக் கண்ணாடியில் அதே 75-க்கு மேல் 70 ஃபிலிம் ஒட்டினால் 52.5 வரும், தப்பித்துவிடும். அதைவிட இன்னும் சில சதவீதம் குறைந்த ஃபிலிம் ஒட்டினாலே மீறல். கடைக்காரர் "70 பெர்சன்ட் சார், லீகல்" என்று சொல்வது ஃபிலிமின் கணக்கு. கண்ணாடியையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

லைட்டும் சத்தமும்

ராத்திரி மரக்காணம் ரோட்டில் எதிரே வரும் காரின் லைட்டில் கண் கூசி, ஓரமாகப் போகும் சைக்கிளே தெரியாமல் போன அனுபவம் யாருக்குத்தான் இல்லை? பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். ஹாலஜன் பல்புக்காகச் செய்த ரிஃப்ளெக்டரில் எல்.இ.டி.யோ எச்.ஐ.டி.யோ மாட்டுகிறார்கள். ஒளி புறப்படும் இடம் கொஞ்சம் மாறினாலே, டிப் போட்டிருந்தாலும் வெளிச்சம் எதிரே வருபவர் முகத்தில் போய் விழும். ஓட்டுபவருக்கு 'பளிச்'சென்று இருக்கும், எதிரே வருபவருக்கு இருட்டு.

இன்னொரு வழக்கம், 60/55 வாட் பல்பைக் கழற்றிவிட்டு 100/90 மாட்டுவது. ஒயரும் ஹோல்டரும் 60-க்குத்தான் அளந்து போட்டது. ரிலே வைக்காமல் மாட்டினால் ஹோல்டர் உருகும், சுவிட்ச் கருகும். கார் தீப்பிடிக்க சாதாரணக் காரணங்களில் இதுவும் ஒன்று.

சத்தத்துக்கும் அளவு இருக்கிறது. சாதாரண பயணிகள் கார், புதிதாக அனுமதி பெறும் சோதனையில் 74 டெசிபலைத் தாண்டக்கூடாது. சைலன்சரைக் கழற்றி வெறும் பைப் வைத்தால் இதைத் தாண்டிவிடும் என்பதைக் காதே சொல்லிவிடும். சத்தம், புகை அளவை மீறினால் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதம், 3 மாதம் வரை சிறை, கூடவே 3 மாதம் லைசென்ஸ் தகுதி இழப்பு என்று 190(2) பிரிவு சொல்கிறது. பல ஸ்வரத்தில் கத்தும் ஹாரனும் விதி 119-ல் தடை. 'கேட்டலிடிக் கன்வெர்ட்டர்' என்ற புகை வடிகட்டியைக் கழற்றினால் வண்டி கொஞ்சம் சுறுசுறுப்பாக இருப்பதுபோல் தோன்றும். நச்சுப் புகை அப்படியே வெளியே போகும் என்பது வேறு கதை.

முன்னால் மாட்டும் இரும்பு 'புல் பார்' பற்றிச் சொல்லியாகணும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே இதைத் தடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. காரின் முன்பகுதி மோதலில் நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும்படி செய்யப்பட்டிருக்கிறது. இரும்பு கார்டு அந்த அடியை நேராக சேஸிஸுக்குக் கடத்தும். ஏர்பேக் சென்சார் கணக்கும் தப்பலாம். நடந்துபோகிறவர் மீது மோதினால், நசுங்கக்கூடிய பம்பருக்குப் பதிலாக இரும்புக் குழாய் அவர் இடுப்பில் மோதும்.

வீலும் ஸ்பிரிங்கும்: கணக்குப் போட்டால் தப்பு தெரியும்

வீல் மாற்றுவது எல்லாமே தப்பு இல்லை. 165/80 ஆர்14 டயரின் மொத்த உயரம் சுமார் 620 மி.மீ. 185/65 ஆர்15 டயரின் உயரம் சுமார் 621 மி.மீ. ரிம் பெரிதாகிறது, டயர் சுவர் குறைகிறது, மொத்த உயரம் கிட்டத்தட்ட அதேதான். ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது, ஏ.பி.எஸ். குழம்பாது. உங்கள் காரின் மேல் வேரியன்ட்டில் கம்பெனியே கொடுக்கும் சைஸுக்கு மாறினால், கேள்வி வரும்போது பதில் சொல்ல முடியும். ஃபெண்டருக்கு வெளியே நாலு விரல் நீட்டிக்கொண்டு நிற்கும் வீலுக்கு எந்தப் பதிலும் கிடையாது.

ஸ்பிரிங் கதைதான் மோசம். காரை இறக்க காசு செலவு செய்து முறையான ஸ்பிரிங் வாங்குகிறவர்கள் குறைவு. பட்டறையில் கிரைண்டர் வைத்து ஒரு சுற்று, ஒன்றரைச் சுற்று வெட்டிவிடுவார்கள். வெட்டிய ஸ்பிரிங் இன்னும் கடினமாகும். பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டு நழுவவும் செய்யும். வேகத்தில் அப்படி நழுவினால் ஸ்டியரிங் கையில் இருக்காது.

நம்ம ஊர் வேகத்தடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்திய சாலை காங்கிரஸ் தரப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம் இருக்கணும். கிராமத்து ரோட்டில் அந்த அளவில் வேகத்தடை பார்த்தவர்கள் கை தூக்கலாம்! ஒரு முழம் அகலத்தில் குத்துக்கல் மாதிரிதான் பல இடங்களில் இருக்கும். இறக்கிய கார் அதில் ஏறினால் ஆயில் பேன் உடையும். தாண்டாமல் குறுக்கே திரும்பி ஊர்ந்து போகும் கார்களைப் பார்த்திருப்பீர்கள். பின்னால் வரும் பஸ்ஸின் ஹாரன் சத்தத்தோடு.

உப்புக் காற்று என்ன செய்யும்?

மரக்காணம் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு தனிப் பிரச்சினை உண்டு. தூத்துக்குடி போல இங்கேயும் உப்பளம். வடகிழக்குப் பருவமழைக்காலம் தவிர்த்த மாதங்களில் பாத்தியில் உப்பு விளையும், லாரி லாரியாக ஏறும். கடல் காற்று உப்பைச் சுமந்து வரும். இரும்புக்கு இதைவிட எதிரி இல்லை.

கம்பெனியில் கார் பாடியை முழுசாக ரசாயனத் தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி பிரைமர் ஏற்றுகிறார்கள். உள் மூலைகளுக்கும் அது போகும். நீங்கள் ஸ்பாய்லர் வைக்க டிக்கியில் நாலு துளை போட்டால், அந்த நாலு துளையின் ஓரத்திலும் வெறும் இரும்பு. ஃபெண்டரை வெட்டி அகலப்படுத்தினால் வெட்டிய ஓரம் முழுக்க வெறும் இரும்பு. மேலே பெயின்ட் அடித்தாலும் உள்பக்கம் திறந்தே கிடக்கும். பெயின்ட்டுக்கு அடியில் கொப்புளம் போல எழும்பினால் துரு உள்ளிருந்து வந்துவிட்டது என்று அர்த்தம்.

ஒயரிங்கும் அப்படித்தான். கூடுதல் லைட்டுக்கு ஒயரை உரித்து முறுக்கி டேப் சுற்றிவிட்டால், உப்பு ஈரம் உள்ளே போய் செம்பு பச்சை பூத்துப்போகும். அங்கே மின்தடை கூடும், சூடாகும். லைட் மினுக்மினுக்கென்று எரிந்தால் பல்பை மாற்றும் முன் அந்த ஜாயின்ட்டைப் பாருங்கள்.

அதனால் இந்தப் பக்கம் கார் வைத்திருப்பவர் எந்த மாற்றம் செய்தாலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எத்தனை துளை போடுவீங்க?" என்பதுதான். துளை தவிர்க்க முடியாவிட்டால் ஓரத்தில் துரு தடுப்பு பிரைமர், உள்பக்கம் மெழுகுப் பூச்சு. மாதம் ஒருமுறையாவது அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் அடித்துக் கழுவணும். உப்புத்தன்மை உள்ள போர்வெல் தண்ணீரில் கழுவினால் கழுவாததே மேல்.

இன்ஷூரன்ஸ் வருமா?

போலீஸ் அபராதத்தைவிட இதுதான் குடும்பத்தை உலுக்கும். பாலிசி போடும்போது கம்பெனி ஒரு குறிப்பிட்ட காரை மதிப்பிட்டுத்தான் பிரீமியம் கணக்கிடுகிறது. நீங்கள் சொல்லாமல் காரை மாற்றிவிட்டால், விபத்துக்குப் பிறகு சர்வேயர் வந்து பார்க்கும்போது அது வேறு கார். ரிமேப் செய்த இன்ஜின், ஆர்.சி.யில் ஏறாத கேஸ் கிட், வெட்டிய ஸ்பிரிங் எதுவானாலும் உங்கள் வண்டிச் சேதத்துக்கான கோரிக்கையை மறுக்கவோ குறைக்கவோ காரணமாகலாம்.

மியூசிக் சிஸ்டம், அலாய் வீல் போன்றவற்றை 'ஆக்சஸரீஸ்' என்று அறிவித்து, கூடுதல் பிரீமியம் கட்டி பாலிசியில் சேர்க்க வழி இருக்கிறது. சி.என்.ஜி., எல்.பி.ஜி. கிட்டுக்கும் அப்படியே. சேர்க்காமல் விட்டால் அலாய் வீல் திருடு போனாலும் அதற்கு ஒரு ரூபாய்கூட வராது. பலர் வண்டிக்கு ஒரு லட்சம் செலவு செய்துவிட்டு, இந்தச் சில நூறு ரூபாயில் சிக்கனம் பிடிப்பது ஏன் என்றுதான் புரியவில்லை.

சட்டப்படி மாற்ற வழியே இல்லையா?

இருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட சி.என்.ஜி., எல்.பி.ஜி. கிட்டை அனுமதி பெற்ற மையத்தில் பொருத்தி, ஆர்.சி.யில் எரிபொருளை மாற்றிக்கொள்ளலாம். பி.எஸ்.6 பெட்ரோல் கார்களுக்கும் 2022 ஆகஸ்ட்டில் இந்த அனுமதி வந்தது. சி.என்.ஜி. சிலிண்டரை 3 வருஷத்துக்கு ஒருமுறை சோதிக்கணும். பழைய காரை மின்சாரக் காராக மாற்றும் கிட்டுக்கும் தனித் தரநிலை உண்டு. மாற்றுத்திறனாளிகள் கையால் இயக்கும் பிரேக், ஆக்ஸிலரேட்டர் வைத்துக்கொள்ள ஆர்.டி.ஓ. அனுமதியோடு மாற்றலாம். இன்ஜின் பழுதாகி அதே வகை இன்ஜின் மாற்றினால் 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்கணும். பெருமுக்கல், மரக்காணம் பக்கம் உள்ளவர்களுக்கு அது திண்டிவனம் ஆர்.டி.ஓ. அலுவலகம்.

ஜெர்மனியில் ஸ்பிரிங், வீல் எல்லாம் மாற்றலாம். ஆனால் அந்தப் பாகத்துக்குச் சான்று இருக்கணும், இல்லாவிட்டால் சோதனை மையம் பார்த்து வண்டிப் பத்திரத்தில் எழுதணும். ஜப்பானில் புதுக் காருக்கு 3 வருஷம், பிறகு 2 வருஷத்துக்கு ஒருமுறை கடும் சோதனை. தரையிலிருந்து 9 செ.மீ. இடைவெளி இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். உலகமே பார்க்கும் ஜப்பான் மாடிஃபை கார்கள் இந்தச் சோதனையைத் தாண்டித்தான் ரோட்டுக்கு வருகின்றன. நம்மூரில் இப்படிப் பாகம் பாகமாகச் சோதித்து ஒப்புதல் தரும் ஏற்பாடு சாதாரண கார் உரிமையாளருக்கு இல்லை. மாடிஃபை பிரியர்களின் ஆதங்கத்தில் நியாயமான பகுதி இதுதான்.

அப்போ உண்மையான 'ஸ்ட்ரீட் கார்' எது?

அமெரிக்காவில் இந்தச் சண்டையைத் தீர்க்க 'ஹாட் ராட்' இதழ் 2005-ல் 'டிராக் வீக்' என்ற போட்டியைத் தொடங்கியது. ஒரு வாரம், வெவ்வேறு ஊர்களின் ரேஸ் டிராக்குகள், மொத்தம் சுமார் 1,000 மைல். டிராக்கில் வேகம் காட்டிய அதே காரை அடுத்த ஊருக்கு நீங்களே பொது ரோட்டில் ஓட்டிப் போகணும். லாரியில் ஏற்றக்கூடாது, பின்னால் உதவி வண்டி வரக்கூடாது. பெரிய இன்ஜின் வைத்த பல கார்கள் டிராக்கில் தோற்று வெளியேறுவதில்லை, நடுரோட்டில் சூடாகி நின்றுபோய்த்தான் வெளியேறுகின்றன.

நம்மூர் ரேஸ் கார்களைப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் ஒரு காலத்தில் ரேஸ் நடந்தது. 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் டிராக் வந்தது. அங்கே ஓடும் டூரிங் கார்கள் வெளியில் பார்க்க நம்ம ஊர் கார் மாதிரியே இருக்கும். உள்ளே ஒரே சீட், இரும்புக் கூண்டு, தீயணைப்பான். ஏ.சி. கிடையாது. மழைக்கு ஒரு டயர், வெயிலுக்கு ஒரு டயர். அவை லாரியில் வரும், லாரியில் போகும். ரோட்டுக்கு வராது, வரவும் கூடாது. வேகம் வேண்டுமென்றால் போக வேண்டிய இடம் அது. ஈ.சி.ஆரில் பந்தயம் விட்டால் 189-வது பிரிவில் முதல் முறை 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது 3 மாதம் வரை சிறை, மறுமுறை 10,000 அல்லது ஒரு வருஷம்.

அமெரிக்கப் போட்டியை நம்ம ரோட்டில் வைத்துப் பார்க்க விரும்பினால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். பெருமுக்கல்லில் கிளம்புங்கள். வீட்டில் உள்ளவர்களைப் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு மரக்காணம் வழியாக ஈ.சி.ஆர். பிடித்து புதுச்சேரி போய், ஏ.சி. போட்டபடி சிக்னல் நெரிசலில் அரைமணி நேரம் நின்று, சாதாரண பங்க்கில் பெட்ரோல் போட்டு, இருட்டிய பிறகு திரும்புங்கள். வழியில் எல்லா வேகத்தடையையும் நேராகத் தாண்டணும். மாநில எல்லைச் செக்கிங்கில் நிறுத்தினால் ஆர்.சி., இன்ஷூரன்ஸ், புகைச் சான்று மூன்றும் காரோடு ஒத்துப்போகணும். திரும்பி வந்து பானட்டைத் திறந்தால் கருகிய வாசனை வரக்கூடாது, கீழே ஆயில் சொட்டு இருக்கக்கூடாது.